வளவுக்கு ஒரு மருந்துப் பெட்டி

பெருங்காயம்தான் முதலில் மணக்கும். அதற்குப் பிறகு ஓமம், அப்புறம் விளக்கில் சுட்ட வசம்பின் கரி, கடைசியில் அமிர்தாஞ்சன். எங்கள் ஆச்சியின் மருந்துப் பெட்டியைத் திறந்தால் இந்த வரிசையில்தான் வாசனை மூக்கில் ஏறும். பனையோலையில் முடைந்த, மூடி போட்ட பெட்டி. அதை எந்த அலமாரியிலும் வைக்க மாட்டாள். இரண்டாங்கட்டின் உத்திரத்திலிருந்து ஓர் உறி தொங்கும். பெரியவர்கள் கையைத் தூக்கினால் எட்டும். பிள்ளைகள் முக்காலி போட்டு ஏறினாலும் எட்டாது. வெண்ணெயும் நெய்யும் தொங்கிய உறிகள் அந்த வீட்டில் வேறு இருந்தன. அவற்றைப் பூனைக்குப் பயந்து கட்டியிருந்தார்கள், இதை எங்களுக்குப் பயந்து கட்டியிருந்தார்கள்.

தாமிரபரணிக் கரையில் எங்கள் வீடு ஒரு வளவுக்குள் இருந்தது. ஒரே வாசல், நடுவில் பொதுவான முற்றம், ஒரு கிணறு, அதைச் சுற்றி வீடுகள். எல்லாரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். அந்த வளவு முழுக்க ஒரே ஒரு மருந்துப் பெட்டிதான். எந்த வீட்டில் பிள்ளை அழுதாலும் தூக்கிக்கொண்டு ஆச்சியிடம்தான் வருவார்கள். ராத்திரி எந்நேரமானாலும் நடைக்கதவைத் தட்டலாம். "ஆச்சி, பிள்ளை பால் குடிக்க மாட்டேங்கான்" என்று இருட்டில் ஒரு குரல் வரும். ஆச்சி உடனே பெட்டியை இறக்குவாள் என்று நினைத்தால் தவறு. முதலில் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வாள். உச்சிக்குழியைத் தடவிப் பார்ப்பாள். வயிற்றில் காதை வைப்பாள். மூத்திரம் எப்போது போனது என்று கேட்பாள். பாதம் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பல நேரம் பெட்டி இறங்காமலேயே காரியம் முடிந்துவிடும். துணியை அவிழ்த்துப் பார்த்தால் தொடையிடுக்கில் எறும்பு கடித்த தடிப்பு இருக்கும்.

பெட்டிக்குள் ஒரு சிவப்புத் துணி முடிச்சு. அதில்தான் உரை மருந்து. மாசிக்காய், கடுக்காய், ஜாதிக்காய், சுக்கு, அதிமதுரம், சித்தரத்தை, வசம்பு. பேறுகாலத்துக்கு நாள் நெருங்கும் பெண் வளவில் இருந்தால், ஏழாம் எட்டாம் மாதத்திலேயே தாத்தா திருநெல்வேலி டவுனுக்குப் போய், ரதவீதியின் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்துவிடுவார். பழைய தாளில் பொட்டலம் பொட்டலமாக மடித்து, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்துச் சுற்றி, கடைக்காரர் பட்டென்று அறுப்பாராம். வந்த சரக்கை ஆச்சி அப்படியே உபயோகிக்க மாட்டாள். சோறு கொதிக்கும்போது துணியில் முடிந்து உள்ளே போட்டு வேகவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, கல் போல ஆன பிறகே முடிச்சில் ஏறும். உரைப்பதற்குத் தனியாக ஒரு சிறு கல். சந்தனக் கல்லை இதற்குத் தொடவிட மாட்டாள். பிள்ளையைத் தலைக்கு ஊற்றிய அன்று, தாய்ப்பால் இரண்டு சொட்டோ வெந்நீரோ விட்டு, ஒவ்வொன்றையும் ஓர் உரசு, இரண்டு உரசு. பிள்ளைக்கு எத்தனை மாதமோ அத்தனை உரசு என்பது ஒரு கணக்கு. உரைத்ததை வழித்துப் பாலாடையில் விட்டுக் கடைவாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள். "மூக்கைப் பிடிச்சு ஊத்தாதட்டி, மூச்சுக்குழலுக்குள்ள போயிரும்" என்று என் சித்தியை அதட்டியது நினைவிருக்கிறது.

பெட்டிக்குள் அடங்காத மருந்துகள் புறவாசலில் நின்றன. கிணற்றுத் தண்ணீர் ஓடும் கால்வாய் ஓரத்தில் கற்பூரவல்லி, துளசி, தூதுவளை. வேலியில் ஆடாதொடையும் நொச்சியும். சளி கட்டினால் கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாறு. ஆவி பிடிக்க நொச்சி, ஆனால் அது பெரியவர்களுக்கு மட்டும். கொதிக்கும் பானையின் பக்கத்தில் பிள்ளைகளை அண்டவிட மாட்டாள். விளக்கெண்ணெய் வீட்டிலேயே காய்ச்சியது. ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதந்து வருவதை வழித்து எடுப்பார்கள். அன்று வளவு முழுக்க ஒரு மந்தமான நெடி கிடக்கும். பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்த எண்ணெய் எங்கள் வாய்க்கு வரும். மதியம் வரை பேதி, பிறகு ரசமும் குழைந்த சோறும்.

இதற்கெல்லாம் மேலே இன்னோர் அடுக்காக இங்கிலீஷ் மருந்துகள் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிப் பின்னால் சென்னைக்குக் கொண்டுவந்த அந்த மஞ்சள் தைலம், அமிர்தாஞ்சன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1851இல் பிறந்து, தமிழ்நாட்டு வீடுகளில் பாட்டி வைத்தியமாகவே மாறிவிட்ட கிரைப் வாட்டர். வைத்த இடத்தில் உயிர்போகும் டிஞ்சர். முழங்காலில் பூசினால் இரண்டு நாள் பெருமையோடு காட்டித் திரியலாம் என்று நாங்கள் ஆசைப்பட்ட சிவப்பு மருந்து, மெர்குரோகுரோம். தீப்புண்ணுக்கு மஞ்சள் களிம்பு. உதறி உதறிப் பாதரசத்தை இறக்க வேண்டிய தெர்மாமீட்டர். அது பஞ்சு வைத்த தகரக் குழாய்க்குள் இருக்கும், தாத்தாவைத் தவிர யாரும் தொடக்கூடாது.

கம்பவுண்டர் தந்த பாட்டில்களை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வது கடினம். டாக்டர் வீட்டுக்குப் போகும்போது காலி பாட்டிலை நாமே கழுவிக் கொண்டுபோக வேண்டும். டாக்டர் சீட்டில் கிறுக்கியதைக் கம்பவுண்டர் வாங்கி, ஜன்னலுக்குப் பின்னால் பெரிய ஜாடிகளிலிருந்து ஊற்றிக் கலக்கி, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தக்கையை அமுக்குவார். பிறகு ஒரு வெள்ளைத் தாள் துண்டை நீளவாக்கில் மடித்து, கத்தரியால் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டு வெட்டுவார். பிரித்தால் வரிசையாகப் பல். அதைப் பசை தடவிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டினால் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைப்பட்டது ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அளவு தப்பாது. எவ்வளவு கொடுத்தாயிற்று, எவ்வளவு மிச்சம் என்பது வீட்டில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மருந்தின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. 'மிக்ஸர்' என்போம். வயிற்றுவலிக்கு ரோஸ் நிறம்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று ஆகிவிடும். அப்படி இல்லை. அந்த வளவில் நடந்த எல்லாவற்றையும் நான் நினைவில் வைத்திருக்கிறேன். பிள்ளை விடாமல் அழுதால் உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு இரண்டு பேர் முனைகளைப் பிடித்து உருட்டுவார்கள். தொக்கம் எடுப்பதற்கென்று ஒரு கிழவி பக்கத்து ஊரிலிருந்து வருவாள். குளிப்பாட்டி முடித்ததும் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவார்கள், வாய்க்குள் விரலை விட்டுச் சளியை வழிப்பார்கள். காய்ச்சலில் ஜன்னி கண்டு பிள்ளை வெட்டி வெட்டி இழுத்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள், பல்லுக்கு நடுவே கரண்டிக் காம்பை நுழைப்பார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவாத வீடு கிடையாது. ஒரு வயதுக்குள் தேன் ஆகாது, அதில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சாகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கோரோசனை மாத்திரை என்று கடுகளவு ஒன்று வரும். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. தலைவலிக்கு வைத்திருந்த ஆஸ்பிரின் மாத்திரையில் கால் துண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். அம்மையோ ஃப்ளூவோ கண்ட பிள்ளைக்கு அது மூளையையும் ஈரலையும் தாக்கும் ரெய்ஸ் நோயைக் கொண்டுவரலாம் என்பது உலகத்துக்கே பின்னால்தான் தெரிந்தது.

ஆச்சியைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்கு வரத்தான். அவள் பெட்டி நான் பிறந்தபோது இருந்ததுபோல் நான் கல்யாணமாகிப் போகும்போது இருக்கவில்லை. அதிலிருந்து அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு என் அப்பாவுக்கு மூத்ததாக ஒரு பெண் பிள்ளை இருந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலம். இரண்டு வயது முடியவில்லை. கோடையில் வயிற்றோட்டம் கண்டது. குடிக்கக் குடிக்கத்தான் போகும், வயிறு காய்ந்தால் நின்றுவிடும் என்பது அன்றைய வைத்தியம். வளவில் மட்டுமில்லை, உலகில் பல இடங்களிலும் வயிற்றுப்போக்குக் கண்ட பிள்ளைக்கு ஆகாரத்தை நிறுத்துவதைப் படித்த டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம். மாதுளை ஓடு கொடுத்தார்கள், வசம்பு கொடுத்தார்கள். தண்ணீர் கொடுக்கவில்லை. இதை ஆச்சி என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. "தண்ணி தண்ணின்னு கேட்டுச்சுட்டி. பெரியவிய எல்லாம் குடுக்கப்படாதுன்னு சொன்னாவ. நான் குடுக்கல." அதற்கு மேல் பேசவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரை வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பல வருடங்கள் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், திருநெல்வேலி வானொலியில் உப்பு சர்க்கரைக் கரைசல் பற்றிச் சொன்னார்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றால் போகும் ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டும். ஆச்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். இன்னொரு தடவை சொல்வார்களா என்று என்னைக் கேட்டாள். அன்று சாயங்காலமே உழக்கை வைத்துத் தண்ணீரை அளந்து, ஒரு லிட்டர் எங்கள் செம்பில் எதுவரை வரும் என்று தாத்தாவைக் கேட்டு, ஆணியால் உள்பக்கம் கீறி வைத்தாள். அந்தச் செம்பும் ஒரு தேக்கரண்டியும் அதன்பிறகு உறிக்குப் பக்கத்தில், வேறு எதற்கும் எடுக்கப்படாமல், நிரந்தரமாக இருந்தன.

அந்தக் கரைசலின் கதையைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டபோது ஆச்சி இல்லை. 1971இல் வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் திலீப் மகலனபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் பொட்டலம் கட்டி, பெரிய உருளைகளில் தண்ணீரோடு கலக்கி, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அந்தக் கரைசலைக் குடித்தவர்களில் இறந்தோர் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் உப்பை உள்ளே இழுக்கும், உப்போடு தண்ணீரும் போகும்; பேதி நடந்துகொண்டிருக்கும்போதும் இந்த வாசல் மூடுவதில்லை. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978இல் லான்செட் இதழ் எழுதியது. மகலனபிஸ் 2022இல் காலமானார். மறுவருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். ஆச்சிக்கு அவர் பெயர் தெரிந்திருந்தால் சாமி மாடத்தில் வைத்திருப்பாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வானொலி கேட்ட அந்த நாளுக்குப் பிறகு அவள் எல்லாரையும் கேட்க ஆரம்பித்தாள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த எங்கள் மதினி லீவுக்கு வந்தால், பெட்டியை இறக்கி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவாள். "இது குடுக்கலாமா? எத்தன மாசத்துல குடுக்கலாம்?" பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த பையன் ஒருவன் வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது அவனையும் விடவில்லை. சாவி வைத்தியம் போயிற்று. இழுப்பு வந்தால் பிள்ளையை ஒருச்சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக்கூடாது, எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஒரு கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று மதினி சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்து வளவுக்கெல்லாம் ஒப்பித்தாள். மூக்கில் எண்ணெய் விடுவது நின்றது. தொக்கம் எடுக்கிறவளுக்கு வாசலிலேயே வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டாள். தீப்புண்ணுக்குக் களிம்புக்கு முன்னால் தண்ணீர் என்று ஆனது.

கடைசியாகப் போனது வசம்பு. அது போகும்போது அவளுக்கு வலித்தது. அவள் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் கொடுத்தது. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கியது. வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, அமெரிக்கா 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டது, கைக்குழந்தைக்கு உள்ளே கொடுப்பது நல்லதில்லை என்று விவரமாகச் சொன்னவர்கள் உண்டு. அவள் அதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் உரசுவதைக் குறைத்தாள். பிறகு உள்ளுக்குக் கொடுப்பதை நிறுத்தி, வண்ண நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டுவதோடு விட்டாள். அதையும் பிள்ளை வாயில் வைத்துச் சப்பும் வயது வந்ததும் அவிழ்த்துவிடுவாள்.

பெரியவர்கள் போனார்கள், வளவு கைமாறியது. முற்றத்தில் இப்போது கார் நிற்கிறது. அந்த ஓலைப்பெட்டி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் ஓசூரிலும் வளர்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மருந்துப் பெட்டி இருக்கிறது. நான் போகும் வீடுகளில் எல்லாம் அதைத் திறந்து பார்ப்பேன். ஆச்சியிடமிருந்து எனக்கு ஒட்டியது இது. பெரும்பாலும் பழைய பாட்டில்களின் குவியல். போன வருடம் டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக், கலக்கியது கலக்கியபடி பாதி. கலக்கிய பிறகு அது ஃபிரிட்ஜில் இருந்தாலும் வாரம் பத்து நாளுக்கு மேல் ஆகாது என்று அட்டையிலேயே இருக்கிறது. திறந்து மாதக்கணக்கான கண் சொட்டு மருந்து. எந்தப் பிள்ளைக்கு எதற்கு வாங்கியது என்று தெரியாத இருமல் மருந்து மூன்று.

இருமல் மருந்தைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சாதாரணச் சளிக்குக் கொடுத்த மருந்து. அதில் தொழிற்சாலைகளில் பயன்படும் டைஎதிலீன் கிளைக்கால் கலந்திருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். 1972இல் சென்னையிலேயே இதே நஞ்சு பிள்ளைகளைக் கொன்றிருக்கிறது. நான்கு வயதுக்குக் கீழே சளி மருந்துக் கலவைகள் வேண்டாம் என்று 2023இலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருந்தது. சின்னப் பிள்ளையின் இருமல் பெரும்பாலும் தானே அடங்கும். மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு போதும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தேன் அரைக் கரண்டி கொடுக்கலாம். ஆகவே நான் போகும் வீட்டில் முதலில் வெளியே போவது இருமல் பாட்டில்கள்தான்.

அடுத்தது பாராசிட்டமால். இது கட்டாயம் இருக்க வேண்டிய மருந்து, இதில்தான் அதிகமான ஆபத்தும் இருக்கிறது. ஒரே பெயரில் மூன்று விதமாகக் கடையில் விற்கிறார்கள். கைக்குழந்தைச் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125. இன்னொரு சிரப்பில் ஐந்து மில்லிக்கு 250. அம்மா ஒன்றைப் பழகியிருப்பாள், அப்பா ராத்திரி அவசரத்தில் மற்றொன்றை வாங்கி வருவார். சிரப்புக்குச் சொன்ன ஐந்து மில்லியைச் சொட்டு மருந்தில் அளந்தால் நான்கு மடங்கு போய்விடும். எடைக்குத் தக்கபடிதான் அளவு: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் வரை, இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். அது உங்கள் வீட்டுப் பாட்டிலில் எத்தனை மில்லி என்று பிள்ளை நன்றாக இருக்கும் பகலில் டாக்டரிடம் கேட்டு, பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். ஒரு வீட்டில் ஒரே வகை, ஒரே பாட்டில். கம்பவுண்டர் ஒட்டிய பல் வெட்டிய தாளை இந்த இடத்தில்தான் நான் மிகவும் தேடுகிறேன். வீட்டுக் கரண்டியால் அளப்பதை நான் அனுமதிப்பதில்லை. ஊசியில்லாத ஐந்து மில்லி சிரிஞ்சு ஒன்று பெட்டியில் கிடந்தால் போதும். மூன்று மாதம் நிறையாத பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் மருந்துப் பெட்டியைத் தொடவே வேண்டாம், நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

ஓஆர்எஸ் பொட்டலம் ஐந்தாறு இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி என்று அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழச்சாறு போல அட்டைப் பெட்டியில், சர்க்கரை அதிகமாக, அந்த மூன்றெழுத்தைப் போட்டுக்கொண்டு விற்ற பானங்கள் பிள்ளைகளின் பேதியை இன்னும் கூட்டின. ஐதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் தனியாளாகப் போராடி, 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைக் கண்டபடி போடக்கூடாது என்று உத்தரவு வந்தது. பொட்டலத்தை முழுதாக, அதில் குறித்திருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கண்ணளவில் கரைத்தால் உப்பு ஏறிவிடும். கலக்கியதை ஒரு நாளுக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு தடவை போனதும் 50லிருந்து 100 மில்லி. அதற்கு மேற்பட்ட வயதில் அதன் இரு மடங்கு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக மறுபடி. கூடவே டாக்டர் சொல்லும் ஜிங்க் மாத்திரை, பேதி நின்ற பிறகும் மொத்தம் பத்திலிருந்து பதினான்கு நாள் வரை. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

மற்றவை சொற்பம். டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாதரசம் வைத்தது வீட்டில் இன்னும் இருந்தால் பிள்ளை கைக்குப் போகாமல் அப்புறப்படுத்த வேண்டும். காயத்துக்குக் கட்டுத்துணி, ஒட்டு நாடா, சோப்பு. அரிப்புக்குக் கேலமைன். முள் எடுக்க ஒரு சாமணம். தீப்புண்ணுக்குக் குழாய்த் தண்ணீரே மருந்து, இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். பற்பசை, மாவு, மை எதுவும் வேண்டாம். தைலங்கள் பெரியவர்கள் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டு வயதுக்குக் கீழே மார்பில் தேய்க்க வேண்டாம். சாமி அலமாரியில் இருக்கும் கற்பூரத்தைப் பிள்ளைகள் கல்கண்டு என்று வாயில் போட்டால் இழுப்பு வரும், அதை உயரத்தில் வையுங்கள். எங்கள் காலத்தில் சோடா பாட்டிலில் மண்ணெண்ணெய் இருந்தது, தண்ணீரென்று குடித்த பிள்ளைகள் இருந்தன. இன்று அந்த இடத்தில் ரிமோட்டுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி வந்திருக்கிறது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக் குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரி.

இவை எல்லாமே ஆச்சியின் பெட்டியைவிட நல்ல பெட்டிக்கு உரியவை. நான் அதில் ஒரு நொடியும் தயங்க மாட்டேன். அந்தப் பெண் பிள்ளைக்கு ஒரே ஒரு பொட்டலம் கிடைத்திருந்தால் எனக்கு ஓர் அத்தை இருந்திருப்பாள். எனக்குக் குறையாகத் தெரிவது வேறு. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால், பெங்களூர் வீட்டில் என் தம்பி மகளும் அவள் கணவனும் இரண்டு போனில் இரண்டு விதமாகத் தேடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட அவர்களுக்குக் கூச்சம். பிள்ளையை மடியில் வாங்கித் துணியை அவிழ்த்துப் பார்க்கும் ஒரு மூன்றாம் ஆள் அங்கே இல்லை. எது கொடுக்கலாம் என்பதற்கு ஆயிரம் பேர் பதில் சொல்கிறார்கள். இப்போது ஒன்றும் கொடுக்க வேண்டாம், விடியும் வரை மடியில் வைத்திரு என்று சொல்லக்கூடிய தைரியம் பெட்டிக்குள் வராது.

அதனால் தம்பி மகளின் பிரசவத்துக்கு முன்னால் நான் அங்கே போனபோது பெட்டியை ஒழுங்கு செய்ததோடு நிற்கவில்லை. மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, குழந்தை டாக்டரின் எண், இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி, 108, என்னுடைய எண் என்று எழுதினேன். "அத்தை, உங்கள ராத்திரில எழுப்பறதா?" என்றாள். எழுப்பு என்றேன். அதே மாடியில் மூன்றாவது வீட்டில் ஒரு கேரளத்து அம்மா இருக்கிறாள், ஓய்வுபெற்ற நர்ஸ், நான்கு பேரப்பிள்ளைகளைக் கண்டவள். அவளிடம் போய் இவளை அறிமுகப்படுத்திவிட்டு, கேட்டுக்கொண்டு, அவள் வீட்டு எண்ணையும் அந்தத் தாளில் மேலே சேர்த்தேன். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாளுக்குள் அந்தக் கதவை இரண்டு தடவை தட்டியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை என்று அந்த அம்மாவே எனக்குப் போன் செய்து சொன்னாள்.